விழாத கோடு

பண்டாரவளைக்கு மேலே, மரக்கறி சேகரிக்கும் கொட்டகையில் என் மேசை. இலையை நறுக்கி, கரைசலில் குலுக்கி, விரல் நீளச் சோதனைப் பட்டியில் மூன்று சொட்டு. பத்து நிமிடம். மேல்கோடு எப்போதும் விழும். கீழ்க்கோடும் விழுந்தால் பூஞ்சணத்துக்கு அடிக்கும் பங்கசு நாசினி அளவுக்குள். விழாவிட்டால் மூட்டை லொறியில் ஏறாது. நஞ்சு இருக்கும் இடத்தில் கோடு இருக்காது. வராத ஒன்றைப் பார்த்தபடியே என் பகல்கள் போகின்றன.

அன்று மூடுபனி மத்தியானமே கொட்டகைக்குள் வந்துவிட்டது. அதனோடு பக்கத்துத் தோட்டத்து அக்கா ஒருவர், கையில் இரண்டு லீக்ஸ் தண்டு. விற்க அல்ல.

"என் பாத்திக்கு நான் மருந்தே அடிக்கிறதில்ல சார். மக முழுகாம ஆறு மாசம், இதத்தான் சுண்டிக் குடுக்கிறேன். மேல கெழங்குத் தோட்டத்துக்கு அடிக்கிறாங்களே, அதான் ஒரு பயம்."

"பத்து நிமிஷம் இருங்கக்கா," என்று பட்டியில் சொட்டு விட்டேன்.

"தெரியும் சார். மகளுக்கும் இப்பிடித்தானே பாத்தோம்," என்று சிரித்தார்.

லொறி வந்தது. மூட்டை ஏற்றப் போய்த் திரும்பினேன், அக்கா உட்கார்ந்திருந்த வாங்கு காலி. பட்டியில் ஒரே கோடு.

"ஒண்ணுதான் விழுந்திருக்கு, ஒண்ணுமில்லன்னு சிரிச்சுக்கிட்டே போயிட்டாங்க," என்றார் மூட்டை தூக்குபவர்.

மகளின் கர்ப்பத்தைச் சோதித்த பட்டியில் ஒற்றைக் கோடு என்றால் உள்ளே யாருமில்லை. என் பட்டியில் ஒற்றைக் கோடு என்றால்தான் உள்ளே ஏதோ குடியிருக்கிறது.

ஓடினேன். தேயிலைக்கு மேலே, வெள்ளைக்குள், மருந்தடிக்கும் பம்பின் மூச்சு, ஆள் தெரியவில்லை. உதட்டில் கசந்தது. தொழிலாளர் வீடுகளின் லயத்துக்குப் பின்னால் அவருடைய பாத்தி. இந்த ஈரத்தில் வேலிக் கம்பிலும் பூஞ்சணம் பூக்கும். அந்த இலைகளில் ஒரு புள்ளி இல்லை. அப்படியொரு சுத்தத்தை நான் கண்டதில்லை. பார்க்கப் பயமாக இருந்தது.

லயத்தின் ஒற்றை அறைக் காம்பராவுக்குள் மகள் சோற்றில் லீக்ஸ் சுண்டலைப் பிசைந்துகொண்டிருந்தாள்.

"சாப்பிடாதம்மா!"

"என்ன சார், ரெண்டாவது கோடுதான் வரலையே?" என்றார் அக்கா.

"வரலன்னாதான்க்கா மருந்து இருக்கு."

மகள் கையைத் தட்டிலிருந்து எடுக்கவில்லை. மற்றக் கையால் வயிற்றைத் தொட்டாள்.

"மாசக் கணக்கா இதத்தானே தின்னேன். இதுக்குள்ள பாக்க ஒங்ககிட்ட கோடு இருக்கா சார்?"

இல்லை. அப்படியொரு பட்டி என்னிடம் இல்லை.

வெளியே பம்பின் சத்தம் நின்றது. அக்கா எழுந்து கதவை இழுத்துச் சாத்தினார். பனி அதற்கு முன்பே உள்ளே வந்திருந்தது.