பந்தய வண்டிக்குத் தேங்காய் எண்ணெய்

2018 அக்டோபர் 18, வியாழக்கிழமை, ஆயுத பூஜை. காலை ஐந்து இருபதுக்கு எழுந்தேன். பால் வாங்கினேன், கைக்கடிகாரத்துக்குச் சாவி கொடுத்தேன். ஏழு மணிக்குள் பூஜைப் பொருள்களை வரிசைப்படுத்திவிட்டேன்: என் அளவுச் சங்கிலி, மனைவியின் கத்தரிக்கோல், அரிவாள்மணை, மைத்துனனின் ஸ்பேனர் பெட்டி, என் நாட்குறிப்பு. பூஜையில் வைத்ததை மறுநாள் காலை மறுபூஜை முடியும்வரை எங்கள் வீட்டில் யாரும் தொடுவதில்லை. அதனால் அன்றைய பக்கம் காலியாக இருக்கிறது. இதை நினைவிலிருந்து எழுதுகிறேன்.

பாபநாசத்தில் நான் நில அளவையாளர். அந்த வருஷம் எங்கள் கூடத்தில் சோபா இருந்த இடத்தில், இரண்டு ஸ்டாண்டுகள் மேல், சக்கரங்கள் தரையில் படாமல் ஒரு மோட்டார் சைக்கிள் நின்றது. மனைவியின் தம்பியுடையது. அவன் பதினோரு வருஷமாகச் சிங்கப்பூரில், கப்பல் பழுதுபார்க்கும் தளத்தில் வேலை செய்கிறான். அறுநூறு சி.சி. வண்டி. கொஞ்சம்தான் செய்து, ஒவ்வொன்றிலும் வரிசை எண் பொறித்து விற்றார்களாம். பந்தயத் தடத்தில் ஓட்டுவதற்கென்றே செய்தது. முகப்பு விளக்கு இல்லை, கண்ணாடி இல்லை, நம்பர் பிளேட் மாட்ட இடமே இல்லை. அவன் பெங்களூரில் வாங்கிய வண்டி ஜூலை இரண்டாம் வாரம் லாரியில் வந்து இறங்கியபோது பக்கத்து வீட்டுக்காரர், "என்ன சார், பாதி சாமானை லாரிக்காரன் எறக்காமப் போயிட்டானா?" என்று கேட்டார்.

மைத்துனன் போனில் இரண்டே விஷயம்தான் சொன்னான். "வாரத்துக்கு ஒருதடவ சக்கரத்தக் கொஞ்சம் திருப்பி விடுங்க அத்தான். தூசி படியாம தொடச்சு வைங்க. அது போதும்."

இரும்பைத் துடைப்பது என்றால் எங்களுக்கு எண்ணெயிட்டுத் துடைப்பதுதான். மண்வெட்டி, கதிர் அரிவாள், சைக்கிள் ரிம் எல்லாவற்றுக்கும் அதே வழக்கம். வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டால் இந்த ஊர்க் காற்றில் இரும்பு ஒரு வாரம் தாங்காது. சக்கரத்தை ஒட்டி, துளை துளையாகப் பளபளத்த வட்டத் தகடுகளுக்கு அதிகக் கவனம் கொடுத்தேன். சனிக்கிழமை தோறும் என் தலைக்கு நல்லெண்ணெய், அவற்றுக்குத் தேங்காய் எண்ணெய். பிறகு சக்கரங்களைக் கால் சுற்று திருப்பி விடுவேன். ஒரு வாரமும் தவறவில்லை.

பூஜைக்கு இரண்டு நாள் முன்னால் மைத்துனன் வந்தான். சென்னைக்கு அருகே உள்ள பந்தயத் தடத்தில் சனி, ஞாயிறு இரண்டு நாளும் ஓட்டப் பதிவு செய்திருந்தான். பத்து நாள் லீவு எடுத்ததே அதற்காக. வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு வண்டியை ஏற்ற வேன் வரும்.

பத்தரைக்குப் பூஜை. மனைவி சந்தனக் கிண்ணத்தோடு வந்து பெட்ரோல் டாங்கில் பொட்டு வைத்தாள், கைப்பிடியில் வைத்தாள், முன்சக்கரத் தகட்டின் பக்கம் குனிந்தாள்.

"அக்கா! அதுல வைக்காத!"

"ஏன்டா, பொட்டு வைக்கக்கூட உன் வண்டிகிட்ட பர்மிஷன் கேக்கணுமா?"

"அது பிரேக் டிஸ்க்குக்கா. விரல் எண்ணெய் பட்டாலே சரியாப் பிடிக்காது. இருநூறுல போய் வளைவுல பிடிக்கலேன்னா என்னை வாரித்தான் எடுக்கணும்."

எல்லோரும் சிரித்தார்கள். நான் மணி ஆட்டிக்கொண்டிருந்தேன். "ஆரத்தி முடிஞ்சிடுச்சுங்க, நிறுத்துங்க," என்று மனைவி இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது.

 கூடத்துக்கும் வாசலுக்குமாக நடந்தேன். யாருக்கும் தெரியாமல் பெட்ரோலில் துணியை நனைத்துத் துடைத்துவிடலாம் என்று தோன்றியது. ஆனால் பூஜையில் இருக்கும் வண்டியை எப்படித் தொடுவது? மூன்று மணிக்குக் கடைத்தெரு மெக்கானிக்கிடம் போனேன். அவர் கடையில் வாழைக்கன்று கட்டி, பொரி கொடுத்துக்கொண்டிருந்தார். பொதுவாகக் கேட்பதுபோல் கேட்டேன்.

"டிஸ்க்கத் தொடச்சிடலாம் சார். டிஸ்க்க ரெண்டு பக்கமும் அமுக்கிப் பிடிக்குதே, அந்த பேடு எண்ணெய் குடிச்சிருந்தா தூக்கிப் போட வேண்டியதுதான். சும்மா நின்னா அவ்வளவா குடிக்காது. எண்ணெயோட சக்கரத்தத் திருப்புனாத்தான் உள்ள போகும்."

"திருப்பியிருக்காரு."

"யாரு?"

"தெரிஞ்சவரு. வாராவாரம்."

"அவருக்கு வேற வேலையே இல்லையா சார்?"

திரும்பும் வழியில் எனக்கு நானே சமாதானம் சொல்லிப் பார்த்தேன். வேகமாகப் போவதற்கு முன் அவனே பிரேக்கைச் சோதிக்க மாட்டானா? சோதித்தால் தெரிந்துவிடும். சோதிக்காவிட்டால்? இருபத்தாறு வருஷமாக என் அளவை நம்பி அண்ணன் தம்பிகள் வரப்புச் சண்டையை விட்டிருக்கிறார்கள். அந்தக் கை இதைச் செய்தது என்று எப்படிச் சொல்வது? வீட்டு வாசலைத் தாண்டி ரயிலடிவரை போய்த் திரும்பினேன்.

ஐந்து நாற்பதுக்கு மைத்துனன் சுண்டல் தின்றுகொண்டிருந்தான்.

"மாப்ளே, டிஸ்க்ல எண்ணெய் பட்டிருக்கு."

"கை பட்டிருக்கும். பரவால்ல அத்தான்."

"கை இல்ல. தேங்கா எண்ணெய். நான்தான் துணியில தொட்டுத் தேய்ச்சேன்."

மெல்லுவதை நிறுத்தினான். "எத்தனை தடவ?"

"பதினாலு. தேதி சொல்லட்டுமா?"

"வேணாம். சக்கரத்த எப்பத் திருப்புனீங்க?"

"எண்ணெய் போட்ட பெறகுதான்."

எழுந்து வண்டியருகே போய்க் கையை நீட்டினான். சந்தனப் பொட்டைப் பார்த்துவிட்டு இழுத்துக்கொண்டான். சமையலறையிலிருந்து மனைவி, "அப்ப போகாதடா. சாமியே தடுக்குது," என்றாள்.

"சாமி இல்லக்கா. அத்தான்."

அந்த வண்டிக்கான பேடு நம் பக்கத்துக் கடைகளில் கிடைக்காது. போனை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனான். ஐந்து பேரிடம் பேசினான். சென்னையில் ஒருவர், பழைய சாமான்களுக்குள் தேடிப் பார்க்கிறேன், இருந்தால் சனிக்கிழமை காலை தடத்துக்கே கொண்டுவருகிறேன் என்றாராம்.

"கெடச்சா ஓட்டுவேன். இல்லாட்டி மத்தவங்க ஓட்டறத வேடிக்க பாத்துட்டு வருவேன்," என்றான். என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் உட்கார முடிந்திருக்கும்.

மறுநாள் காலை ஐந்தரைக்கு மனைவி கற்பூரம் காட்டினாள். அது அடங்கியதும் முதல் வேலையாக மைத்துனன் ஸ்பேனரை எடுத்தான். நான் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டேன். முன்னால் நாலு, பின்னால் ரெண்டு, ஆறு பேடுகளையும் கழற்றினான். ஆறும் கறுத்து வழவழவென்று, சிக்குப் பிடித்த எண்ணெய் வாடையோடு இருந்தன. கிடைக்காவிட்டால் இதையே மாட்டிப் பார்க்கலாம் என்று அவனுக்குத் தோன்றிவிடக் கூடாது. அவற்றைக் கொல்லைக்குக் கொண்டுபோய், துவைக்கும் கல்லின் மேல் வைத்து, ஒவ்வொன்றாகச் சுத்தியலால் உடைத்தேன்.