என் குரலில் அவள் சொன்ன வேண்டாம்

என் அக்காவின் மகளுக்கு ஒன்பது வயது. அவள் வாயால் பேசுவதில்லை. படங்கள் நிறைந்த ஒரு டேப்லெட்டைத் தொட்டுப் பேசுகிறாள். ஆங்கிலமும் மலாயும் அந்தக் கருவிக்குள்ளேயே இருந்தன. தமிழுக்கு மட்டும் ஒருவர் குரல் கொடுக்க வேண்டியிருந்தது. பள்ளி நாள் தொட்டு விவாத மேடைகளில் பரிசு வாங்கியவன் நான்; அந்தப் பணி வேறொருவருக்குப் போயிருந்தால் வருந்தியிருப்பேன். பாகான் டாலாமில் அக்கா வீட்டு அறைக்குள் ஒரு ஞாயிறு முழுவதும் கதவைச் சாத்திக்கொண்டு, லகரமும் ளகரமும் ழகரமும் பிசகாமல், ஒலிவாங்கியின் முன் நிற்பவனைப் போல ஒவ்வொரு சொல்லாகப் பதிவு செய்தேன்.

அக்கா கேட்டுப் பார்த்தாள். “என்னடா இது, பிள்ள தண்ணி கேட்டா யாரோ எலெக்‌ஷன்ல நிக்கிற மாதிரி இருக்கு?”

சிரித்தாளே தவிர, மாற்றச் சொல்லவில்லை.

பின்னர் ஒரு பள்ளி விடுமுறையில், மூன்று வாரங்களாக அவள் ஒரே படத்தை அழுத்திக்கொண்டிருந்தாள்: நீர்ச்சறுக்கு. அக்காவுக்குச் சனிக்கிழமையும் தொழிற்சாலையில் வேலை. “நீ கூட்டிட்டுப் போடா,” என்றாள். “அவ கேட்டது அவளுக்குக் கிடைக்கணும். கேட்டா கிடைக்கும்னு தெரிஞ்சாத்தான் அவ மேல மேல பேசுவா. இல்லன்னா விட்டுருவா.”

இதைவிடத் தெளிவான பொறுப்பை எவரும் என்னிடம் ஒப்படைத்ததில்லை. கடற்பாலம் கடந்து எதிரே இருக்கும் தீவுக்குப் போய், கடலோரச் சாலையின் வளைவுகளில் காரை ஓட்டிச்சென்று, அதன் மறுமுனையில் மலையடிவாரத்தில் இருந்த கேளிக்கைப் பூங்காவை அடைந்தோம். அவள் நேரே நீர்ச்சறுக்கின் படிக்கட்டை நோக்கி நடந்தாள். நான்கு மாடி உயரம் இருக்கும்.

“ஏறலாமா? உனக்குச் சம்மதந்தானே?” என்று கேட்டேன்.

அவள் திரையைத் தொடவில்லை. எங்கள் மேடையில் ஒரு மரபு உண்டு: எதிரணி மறுக்காமல் விட்ட வாதம் ஏற்கப்பட்டதாகவே கொள்ளப்படும். மறுப்பு வரவில்லை, ஏறினோம்.

உச்சியில் பணியிலிருந்த பெண் தமிழச்சி. எங்களைப் பார்த்ததும் கைகாட்டி நிறுத்தினாள். “அண்ணே, டேப்லெட் கொண்டு வரக்கூடாது. கீழ லாக்கர்ல வச்சிட்டு வாங்க.”

“இது டேப்லெட் இல்லம்மா. இவளோட வாய். இவங்க எல்லாரும் வாயோடதானே ஏறி வந்திருக்காங்க? இவ மட்டும் ஏன் கழட்டி வைக்கணும்?”

“ரூல்ஸ் அப்படி அண்ணே.”

விதி எதற்காக இயற்றப்பட்டது என்பதில் தொடங்கினேன். கருவி நீர்புகா உறையில் இருப்பதைக் காட்டினேன். பயந்துவிட்டால் நிறுத்து என்று சொல்லும் உரிமை அவளுக்கு இல்லையா என்று முடித்தேன். வரிசையில் இரண்டு பேர் கைதட்டினார்கள். மூன்றாமவர், “சீக்கிரம்லா பிரதர், வெயில் ஏறுது,” என்றார். அந்தப் பெண் வாக்கி-டாக்கியில் மலாயில் யாரிடமோ பேசிவிட்டு, “சரி, கையில பிடிச்சிட்டே போகட்டும்,” என்றாள்.

நான் வென்றேன். வென்றவனின் முகத்தோடு அக்கா மகள் பக்கம் திரும்பினேன். அவள் திரையைத் தொட்டாள்.

“வேண்டாம்.”

என் குரல். ஐயத்துக்கு இடமில்லாத, கடைசி இருக்கை வரை கேட்கும் உச்சரிப்பு. கைதட்டிய இருவரும் என் வாயைப் பார்த்தார்கள், பிறகு அவளைப் பார்த்தார்கள்.

வந்த படிகளிலேயே, வரிசையை உரசிக்கொண்டு இறங்கினோம். தரையைத் தொட்டதும் அவள் மறுபடி அழுத்தினாள்: “நீர்ச்சறுக்கு.” நான் குனிந்து அவள் முகத்தைத் தேடினேன். அழுகை இல்லை, சிரிப்பும் இல்லை. ஒருவேளை அச்சம் தெளிந்திருக்கலாம். மறுபடி ஏறினோம். உச்சியில் மறுபடி என் குரலே எனக்கு மறுப்புரைத்தது. இம்முறை அதோடு நிற்கவில்லை.

“மாமா. போ.”

“உங்களத்தான் போகச் சொல்லுது, அண்ணே,” என்றாள் அந்தப் பெண்.

“நான் இவளுக்காகத்தானேம்மா வந்தேன்.”

“அதான், பிள்ளையே சொல்லுதே.”

“இவள எப்படித் தனியா விடுறது?”

“நான் பார்த்துக்குறேன். போங்கலா, பின்னால ஆளு நிக்குது.”

என்னிடம் இன்னும் இரண்டு காரணங்கள் இருந்தன. உயரம் என்றால் எனக்குக் கால் நடுங்கும் என்பது அவற்றுள் ஒன்றன்று. அதை நான் எவரிடமும் சொன்னதில்லை. சறுக்குக் குழாயின் வாயில் அமர்ந்தேன். அக்கா மகள் என் கைகளைப் பார்த்தாள். அவை விளிம்பை விடவில்லை. எவ்வளவு நேரம் அப்படி இருந்தேன் என்று தெரியாது. பிறகு இருளும் நீரும் வளைவுகளும். எவர் குரலோ அலறியது. அதில் ளகரமும் இல்லை, ழகரமும் இல்லை.

மூக்கில் நீரோடு எழுந்தபோது, தன் இடத்தில் வேறொருவரை நிறுத்திவிட்டு வந்த அந்தப் பெண்ணின் கையைப் பிடித்தபடி, ஒரு துளிகூட நனையாமல் அவள் படியிறங்கி வந்துகொண்டிருந்தாள். அருகே வந்ததும் “மீண்டும்” என்றாள்.

“நீ போறியா, மாமா போகட்டுமா?”

“மாமா.”

அன்று நான் ஐந்து முறை சறுக்கினேன். அவள் ஒருமுறைகூடச் சறுக்கவில்லை. அவள் கேட்டது கிடைத்ததா, அவள் கேட்டது எதுவென்றே நான் இன்னும் புரிந்துகொள்ளவில்லையா என்று கார் ஓட்டும்போது என்னால் தீர்மானிக்க முடியவில்லை. முன்பு ஒரே தலைப்பில் இரு தரப்புக்கும் பேசியிருக்கிறேன். அன்று எந்தத் தரப்புக்கும் முதல் வாக்கியம் அமையவில்லை.

வீட்டில் அக்கா என்னிடம் எதுவும் கேட்கவில்லை. மகளிடம், “போனியா? எப்படி இருந்துச்சு?” என்று கேட்டுவிட்டு அரிசி களையப் போய்விட்டாள். நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். “நீ சும்மா இரு,” என்றாள் உள்ளேயிருந்து. அரிசி களைந்து, உலை வைத்து, வெங்காயம் உரிக்கத் தொடங்கினாள். அவ்வளவு நேரத்துக்குப் பிறகு கூடத்தில் என் குரல் எழுந்தது.

“மாமா. பயம்.”

அக்கா வெங்காயத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். “மூணு வாரமா அத அழுத்துனது இதுக்குத்தானா?” என்று மகளைக் கேட்டாள். பிள்ளை சொன்னது கேலியா, இரக்கமா, வெறும் செய்தியா என்று எனக்கு விளங்கவில்லை. மறுக்கலாம் என்றால், சொன்ன குரலும் என்னுடையது, சொன்னதும் உண்மை.