மீனுக்குக் கீழே இருந்த நகை

எங்கள் வீட்டு நகைகள் குளிருக்குப் பழகியவை. மற்றத் தமிழ் வீடுகளில் நகை அலுமாரியில் இருக்கும், மிஞ்சினால் அரிசி வாளிக்குள் இருக்கும். எங்கள் வீட்டில் அது குளிர்ப்பெட்டியின் அடியில் கிடந்தது. அப்பா வேலைத்தலத்திலிருந்து கொண்டுவரும் மீன் பொதிகளுக்குக் கீழே, ஒரு நீல ஐஸ்கிரீம் பெட்டிக்குள்.

“தமிழ் ஆக்களிட்ட நகை இருக்கெண்டு கள்ளனுக்குத் தெரியும். ஆனா மீன் நாத்தத்துக்குள்ள அவன் கை வைக்க மாட்டான்” என்பது அம்மாவின் பாதுகாப்புத் திட்டம். கலியாண வீடுகளுக்குப் போகும்போது பெட்டி வெளியே வரும். ஐஸ் முழுதாக உருகும்வரை பொறுத்திருக்க யாருக்கும் நேரம் இராது. அதனால் அந்தக் காலத்துப் படங்கள் எல்லாவற்றிலும் அம்மா தோளைக் குறுக்கிக்கொண்டுதான் சிரிப்பார்.

எனக்கு ஒன்பது வயதாக இருக்கும்போது, டென்மார்க்கில் எங்கள் துறைமுக ஊரான எஸ்பியர்க்கில் மீன் வெட்டுவதைவிட வேறொரு நாட்டில் வெட்டுவது மலிவு என்று யாரோ கண்டுபிடித்தார்கள். தொழிற்சாலையை மூடினார்கள். அப்பா கடைசி நாள் தன் பூட்ஸைக் கழுவிக் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டு, சாப்பாட்டு மேசையில் போய் இருந்தார். அன்று மாலையே சித்தப்பா வந்துவிட்டார்.

அப்பாவுக்குத் தம்பி என்றாலும், வேலை போவதில் எங்கள் குடும்பத்துக்கு மூத்தவர் சித்தப்பாதான். அவருக்கு இரண்டு வருடம் முந்தியே போய்விட்டது. டென்மார்க்கில் வேலை செய்கிறவர்கள் ‘ஆ-கஸ்ஸ’ என்று ஒன்றில் சேர்ந்து மாதச் சந்தா கட்டுவார்கள். வேலை போனால் அது காப்புறுதிப் பணம் தரும். அப்பா வந்த நாளிலிருந்து கட்டினார். சித்தப்பா கட்டவில்லை. “வேலை செய்யிற மனிசன் ஏன் வேலையில்லாததுக்குக் காசு கட்டவேணும்?” என்று கேட்டவர் அவர். கேள்வி நல்ல கேள்விதான். பதில் வந்தபோது அவர் நகரசபையின் வாசலில், கொம்மூன வாசலில், உதவிப் பணத்துக்கு நின்றுகொண்டிருந்தார். அவர்கள் வங்கியைக் கேட்டார்கள், காரைக் கேட்டார்கள், ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை செய்யும் சித்தியின் சம்பளத்தைக் கேட்டார்கள். காரை விற்று, அதைச் சாப்பிட்டு முடித்துவிட்டு வரச் சொன்னார்கள்.

அதிலிருந்து சித்தப்பா இந்தத் துறையில் ஒரு நிபுணர்.

“அண்ணை, காசு தரமுந்தி விடியக்கையே வருவாங்கள். வீட்டில என்ன கிடக்குதெண்டு பாப்பாங்கள்” என்றார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வீட்டைச் சுற்றி வந்தார். அவருடைய தேத்தண்ணியைத் தூக்கிக்கொண்டு நான் பின்னால் போனேன். தொலைக்காட்சியைப் பார்த்து நாக்கைச் சப்புக்கொட்டினார். சோபாவைக் குத்திப் பார்த்தார். என் சைக்கிளுக்கு முன்னால் வந்து நின்றார்.

“இது புதுசோடா?”

“ஓம். என்ர காலும் புதுசுதான் சித்தப்பா. அதை எங்க ஒளிக்கிறது?”

“நக்கலை விடு. உன்ர வாயால ஒருநாளைக்கு இந்தக் குடும்பம் தெருவில நிக்கும்.”

காரும் தொலைக்காட்சியும் சித்தப்பா வீட்டுக்குப் போயின. (தொலைக்காட்சியை அவர்கள் வீட்டில் பாதுகாப்பாக, இரவு பகலாக ஓடவிட்டு வைத்திருந்தார்கள்.) எனக்கோ நல்ல விளையாட்டுக் கிடைத்தது. பின்னேரங்களில் அப்பாவின் கழுத்துப்பட்டியைக் கட்டிக்கொண்டு குசினிக்குள் நுழைவேன். சட்டி மூடிகளைத் திறப்பேன். “கணவாய்க் கறி. வசதியான குடும்பம். உங்களுக்கு உதவி கிடையாது” என்று டேனிஷில் தீர்ப்பு எழுதுவேன். அம்மா சிரிப்பார். ஆனால் நான் குளிர்ப்பெட்டியின் பக்கம் திரும்பினால் அகப்பை என் முதுகில் விழும்.

ஏனென்றால் சித்தப்பா கடைசியாகக் கை வைத்தது நகையில்.

“நகையளையும் என்ர வீட்டில வைப்பம். ஆனா சும்மா தரவேண்டாம் அண்ணி. நாளைக்கு ஒருதரை ஒருதர் பிழை சொல்லக்கூடாது. ஊரில நகைப் பட்டறை வைச்சிருந்த அண்ணை ஒராள் இருக்கிறார். அவரைக் கொண்டு உரசிப் பாத்து, நிறுத்துப் போட்டுக் கொண்டுபோவம்.”

அம்மாவின் முகம் வெளிறியது. ஏனென்று அன்று யாரும் கேட்கவில்லை. காரணத்தை நான் போன வருடம்தான் அறிந்தேன். உங்களைக் காக்க வைக்காமல் இப்போதே சொல்லிவிடுகிறேன்: அந்த நீலப் பெட்டிக்குள் தங்கம் இல்லை. முழுவதும் கவரிங். அம்மாவின் கழுத்தில் கிடந்த தாலிக்கொடி ஒன்றுதான் மெய். மிச்சத்தை அம்மா ஒரு வருடத்துக்கு முந்தியே விற்றுவிட்டார், யுத்தம் முடிந்து முகாமுக்குள் அடைபட்டுக் கிடந்த தன் தம்பியை வெளியே எடுப்பதற்காக. அந்த மாமா அதற்கு முன் இரண்டு தடவை கடை போடுகிறேன் என்று அப்பாவிடம் காசு வாங்கி, இரண்டு தடவையும் கடையைக் கண்ணால் காட்டாதவர். “இனி ஒரு குரோனும் இல்லை” என்று அப்பா சொல்லியிருந்தார். அதனால் மூன்றாவது தடவை அம்மா கேட்கவில்லை. விற்றார். அதே மாதிரி நகைகளை வாங்கி ஐஸுக்குள் வைத்தார்.

ஆகவே அம்மா ஆடிய ஆட்டத்தை இப்போது நினைத்தால் எனக்குக் கும்பிடத் தோன்றுகிறது. செவ்வாயில் நகை வெளியே போகக்கூடாது என்றார். வெள்ளியில் போனால் இலட்சுமி கூடப் போய்விடுவாள் என்றார். ஞாயிறு அமாவாசை என்றார். கோயிலுக்கு வருடத்தில் ஒருமுறை, அதுவும் திருவிழாச் சாப்பாட்டுக்காகப் போகிற அம்மா இப்படித் திடீரென்று பக்தையானதை அப்பா வாயைத் திறக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பாவும் சும்மா இருக்கவில்லை. ஒரு சனிக்கிழமை அவருக்கு முழங்கால் நோவு. அடுத்த சனிக்கிழமை வேலை தேடும் வகுப்பு. சனிக்கிழமையில் அப்படி ஒரு வகுப்பு இந்த நாட்டில் இல்லை என்பது எனக்கே தெரியும்.

சித்தப்பாவுக்குப் பொறுமை போய்விட்டது. “வாற சனி அந்த அண்ணையை இஞ்சயே கூட்டிக்கொண்டு வாறன்” என்று நாள் குறித்தார்.

வெள்ளிக்கிழமை பள்ளிக்கூட வாசலில் அம்மா நின்றார். முதியோர் இல்லத்து வேலை உடுப்பைக்கூட மாற்றவில்லை. “வாடா, ஒரு இடத்துக்குப் போகோணும். நீதான் கதைக்கோணும்” என்றார். பேருந்தில் ஏறி ஆ-கஸ்ஸ அலுவலகத்துக்குப் போனோம். சிவப்புக் கண்ணாடி போட்ட ஒரு பெண் எங்களை இருக்கச் சொன்னார்.

“கேள். நகை நட்டைப் பாப்பினமோ எண்டு கேள்.”

நான் டேனிஷில் கேட்டேன்: “என் அம்மாவிடம் தங்கம் இருக்கிறது. நீங்கள் வந்து எடுத்துக்கொண்டு போவீர்களா?”

அந்தப் பெண் கையிலிருந்த கோப்பியைக் கீழே வைத்தார். பிறகு மெதுவாக, எனக்கு விளங்கும் டேனிஷில் சொன்னார். இது காப்புறுதி. வீடு எரிந்தால், உன்னிடம் இன்னொரு வீடு இருக்கிறதா என்று காப்புறுதிக்காரர் கேட்பதில்லை. அப்பா சந்தா கட்டினாரா, போதிய அளவு வேலை செய்தாரா, இப்போது வேலை தேடுகிறாரா, இவ்வளவும்தான் எங்களுக்கு வேண்டும். அந்தப் பணம் தருகிற காலம் முடிந்து, பிறகு கொம்மூனவிடம் உதவி கேட்டுப் போனால், அவர்கள்தான் சொத்தையும் அம்மாவின் சம்பளத்தையும் பார்ப்பார்கள்.

நான் தமிழாக்கினேன். அம்மாவுக்குப் போதவில்லை.

“கார்?”

“கேக்க மாட்டினமாம்.”

“என்ர சம்பளம்?”

“அதுவும் இல்லையாம்.”

“நகை? வடிவாக் கேள்.”

“அம்மா, மூண்டு தரம் கேட்டாச்சு. எங்களிட்ட ஒரு தங்கச் சுரங்கம் இருக்கெண்டு அவ இப்ப நினைக்கிறா.”

அம்மா கதிரையில் சாய்ந்து கண்ணை மூடினார். அந்தப் பெண் என்னிடம் ஏதோ கேட்டார். அம்மாவுக்குச் சுகமில்லையா என்றுதான் கேட்டார். “என்னவாம்?” என்றார் அம்மா.

“இவ்வளவு கெட்டிக்காரப் பெடியனுக்கு ஒரு ஐஸ்கிரீம் வாங்கிக் குடுக்கட்டாம்.”

கடற்காற்று ஆளைத் தூக்கிக்கொண்டு போகும் அந்தக் குளிரில் அம்மா வாங்கித் தந்தார்.

வீட்டுக்கு வந்தோம். வாசலிலேயே சித்தப்பாவின் சப்பாத்து. உள்ளே சாப்பாட்டு மேசையில் நீலப் பெட்டி வேர்த்துக்கொண்டு இருந்தது. “நாளைக்கு நிறுக்கிறதெண்டா இண்டைக்கே ஐஸ் விடோணும்” என்று சித்தப்பா எடுத்து வைத்திருக்கிறார். அம்மா என் தோளைப் பிடித்தார். பெட்டியின் மூடி இன்னும் திறக்கப்படவில்லை. மூடியின் மேல் அப்பாவின் கை இருந்தது.

நான் சப்பாத்தைக் கழற்றாமலே முழுவதையும் ஒப்புவித்தேன். சித்தப்பா நம்பவில்லை.

“அப்ப ஏன்ரா என்னட்டக் கேட்டவங்கள்?”

“நீங்கள் சந்தா கட்டேல்லையே சித்தப்பா.”

பிறகு சித்தப்பா செருமினார். “சரி, கொண்டுபோகத் தேவையில்லை. எண்டாலும் அந்த அண்ணைக்குச் சொல்லியாச்சு. வந்து ஒருக்கா உரசிப் பாத்து நிறுத்து வைச்சா நல்லதுதானே அண்ணை?”

“வேண்டாம்” என்றார் அப்பா. “என்ர மனிசியின்ர நகையை நிறுக்க எனக்குத் தராசு தேவையில்லை. நீ போய் ரீவியைக் கொண்டுவா.”

போன வருடம் எனக்கும் வேலை போனது. இரண்டு தடவை தொடங்கி இரண்டு தடவை விட்ட படிப்போடு எனக்குக் கிடைத்த களஞ்சிய வேலை அது, போனதில் பெரிய ஆச்சரியம் இல்லை. சந்தாவை மட்டும் அப்பா என் பதினெட்டாவது பிறந்தநாளிலிருந்தே கட்ட வைத்திருந்தார். “அம்மா, நகையளைத் தாங்கோ, ஒளிப்பம்” என்று பகிடி விட்டேன். அம்மா சிரித்துச் சிரித்து, கடைசியில் கவரிங் கதையைச் சொன்னார். “அப்பாவுக்கு இண்டைவரைக்கும் தெரியாது. வாயைத் திறந்தியோ, தெரியும்தானே” என்றார்.

நான் வாயைத் திறக்கத்தான் பிறந்தவன். அடுத்த நாளே காரில் அப்பாவிடம் சாடையாகக் கிண்டினேன். அவர் தெருவைப் பார்த்தபடி சொன்னார். மாமா முகாமிலிருந்து வெளியே வந்த கிழமையே அப்பாவுக்குத் தொலைபேசி எடுத்திருக்கிறார். “அத்தான், நீங்கள் நகையை வித்து அனுப்பினபடியாத்தான் நான் உயிரோட நிண்டு கதைக்கிறன்” என்று அழுதிருக்கிறார்.

“அப்ப ஏனப்பா அம்மாவிட்டச் சொல்லேல்லை?”

“அவள் என்னட்டச் சொல்லேல்லையே.”

அந்த வெள்ளிக்கிழமை சித்தப்பா போனபிறகு, அப்பா நீலப் பெட்டியைத் தானே துடைத்து, குளிர்ப்பெட்டியின் அடியில் வைத்தார். அதன் மேல் மீன் பொதிகளை ஒவ்வொன்றாக அடுக்கினார். “இஞ்சாரும், பெறுமதியான சாமான். கவனமாப் பாரும்” என்றார். அம்மா திரும்பி நின்று தண்ணீர்க் குழாயைத் திறந்தார். பாத்திரம் கழுவுகிறார் என்று நினைத்து, என் ஐஸ்கிரீம் கரண்டியையும் கொண்டுபோய்க் கொடுத்தேன். தொட்டிக்குள் வேறு பாத்திரமே இருக்கவில்லை.