ஒன்பதாம் வகுப்பின் வருகைப் பதிவேடு

திங்கட்கிழமை காலை எட்டரைக்கு தி.நகர் விடுதியிலிருந்து ஆட்டோவில் கிளம்பினோம். நானும் லீனாவும் பினாங்கில் கல்லூரி மாணவிகள். ராயப்பேட்டையில் ஒரு சின்னப் பள்ளியில் மூன்று வாரம் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க வந்தவர்கள். நான்கு கிலோமீட்டருக்கு நூற்றிருபது ரூபாய். "மலேசியாலேர்ந்து வந்து இங்க பாடம் எடுக்கப் போறீங்களா? இன்னாமா, அங்க புள்ளைங்களே இல்லியா?" என்றார் ஓட்டுநர். அன்று சிரித்தோம்.

வகுப்பாசிரியை பயிற்சிக்குப் போயிருந்ததால் ஒன்பதாம் வகுப்பின் பதிவேடு என் கைக்கு வந்தது. பெயரைக் கூப்பிட்டால் எழுந்து நின்று "உள்ளேன் அம்மா" என்பார்கள். அந்த மரியாதை எனக்குத் தலைக்கேறியது என்றே சொல்ல வேண்டும். மூன்றாம் நாள்தான் கவனித்தேன்: "தேவி" என்றால் குரல் வருகிறது, ஆள் எழுவதில்லை. கடைசி பெஞ்சில் ஃபாத்திமா குனிந்தபடி குரல் கொடுக்கிறாள். அன்று முதல், தேவி வராத நாளெல்லாம் சிவப்பு மையில் ஆப்சென்ட் போட்டேன். வகுப்பை ஒழுங்குக்குக் கொண்டுவந்துவிட்டதாக அம்மாவிடம் ஃபோனில் பீற்றிக்கொள்ளவும் செய்தேன்.

இரண்டாம் வாரம் வெள்ளிக்கிழமை, தலைமையாசிரியை அந்தச் சிவப்பைப் பார்த்துத் தேவியின் பெயரை அடித்துவிட்டார். மதியம் ஃபாத்திமா என்னிடம் வந்தாள். கண் கலங்கியிருந்தது.

"அவ வூடு ஆத்தோரத்துல இருந்துச்சு மிஸ். இப்ப கவர்மென்ட்ல ஊருக்கு வெளிய பெரும்பாக்கத்துக்கு மாத்திட்டாங்க. ரெண்டு பஸ் மாறி வர்றா. தங்கச்சிக்கு ஒடம்பு முடியலன்னா வர மாட்டா. எங்க மிஸ்ஸுக்குத் தெரியும், கண்டுக்க மாட்டாங்க. நீங்க இன்னாத்துக்கு மிஸ் போட்டுக் குடுத்தீங்க?"

பெரும்பாக்கத்துக்கு எப்படிப் போவது என்று அவளிடமே கேட்டேன்.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு அவளையே கூட்டிக்கொண்டு புறப்பட்டேன். அடையாறில் பஸ் மாறினோம். பெண்களுக்குக் கட்டணமில்லாத பஸ். ஆனாலும் இருபது கிலோமீட்டருக்கு மேல், ஒன்றே முக்கால் மணி நேரம். பினாங்கில் நான் வகுப்புக்கு ஏழு நிமிடம் நடக்கிறேன், அதற்கே சலித்துக்கொள்வேன்.

மூன்றாவது மாடியில் தேவி பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு மறுபடி பாத்திரத்துக்கே திரும்பினாள். "போதும்மா, எங்கியாச்சும் வேலைல சேத்துடலாம்னு கீறேன்," என்றார் அவள் அம்மா.

"தப்பு என்னுடையது. திங்கட்கிழமை ஒரே ஒரு தடவை பள்ளிக்கு வாங்க," என்று கெஞ்சினேன். வெட்கமாக இருந்தது.

திங்கட்கிழமை தேவியின் அம்மா வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்தார். தலைமையாசிரியை எல்லாப் பெயர்களுக்கும் கீழே தேவியின் பெயரை மறுபடி எழுதினார். "இன்னொரு சிவப்பு விழுந்துச்சுன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது," என்றார்.

இன்று வெள்ளிக்கிழமை, எங்கள் கடைசி நாள். ஒன்பது பத்துக்குப் பெயர்களைக் கூப்பிட்டேன். கடைசியில், "தேவி."

குரல் இல்லை. ஃபாத்திமா என் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாற்பது பிள்ளைகளில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. அந்தப் பயத்தை நான்தான் கற்றுக்கொடுத்திருந்தேன். மூன்று வாரத்தில் அவர்கள் என்னிடம் நன்றாகப் படித்த பாடம் அதுதான்.

"உள்ளேன் அம்மா," என்று நானே சொல்லி, நீல மையில் குறி போட்டேன். திங்கட்கிழமை பதிவேடு அவர்களுடைய மிஸ் கைக்குத் திரும்பிவிடும்.