சேதராப்பட்டில் வாங்கிய பின்னாடி ஆக்சில்

நாளை ஞாயிறு. ஜவ்வாது மலையில் ஒரு மாதா கோயில் திருவிழா. எங்கள் தெருவிலிருந்து ஏழு பேரை அப்பா தன் ஜீப்பில் அழைத்துப் போகிறார். அம்மாவும் தம்பியும் அதில் உண்டு. எனக்குப் பரீட்சை, நான் போகவில்லை. வியாழக்கிழமை ஜீப்பின் பின்னாடி ஆக்சிலில் பல் உடைந்துவிட்டது. வேறு ஆக்சில் தேடி இன்று காலை அப்பாவோடு சேதராப்பட்டுக்குப் போனேன். நீங்களும் பழைய ஃபோர் வீல் ஜீப் வைத்திருந்தால், போகும் முன் இதைப் படியுங்கள். வீட்டில் எல்லோரும் தூங்குகிறார்கள். இன்டர்நெட் இணைக்கும்போது மோடம் கத்தாமலிருக்க அதன்மேல் தலையணை வைத்திருக்கிறேன். வேகமாக எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில், என்ன ஆக்சில் வேண்டும் என்று தெரிய வேண்டும். ஃபோர் வீல் போட்டால் முன்னாடியும் பின்னாடியும் சேர்ந்து ஓடும். இரண்டிலும் பல் கணக்கு (சக்கரத்தின் ஒரு சுற்றுக்கு, அதைச் சுழற்றும் ஷாஃப்ட் எத்தனை சுற்று என்பது) ஒன்றாக இல்லாவிட்டால் ஒன்றையொன்று இழுத்து, ஏற்றத்தில் ஏதாவது முறிந்துவிடும். அதனால் முன்னாடி ஆக்சிலை எண்ணினோம். ஒரு சக்கரத்தை அசையாமல் நிறுத்தினால் மற்றது இரட்டிப்பாகச் சுற்றும். அதனால் அது இரண்டு சுற்று சுற்றும்வரை ஷாஃப்டைத் திருப்ப வேண்டும். ஷாஃப்ட் ஐந்து சுற்றும் அதற்கு மேல் கொஞ்சமும் சுற்றியது.

எங்கள் நெல்லித்தோப்பிலிருந்து கோரிமேடு வழியாகச் சுமார் பன்னிரண்டு கிலோமீட்டர். மினி லாரி வாடகை முந்நூறு ரூபாய். ஒன்பது மணிக்கெல்லாம் போய்விட்டோம். தொழிற்பேட்டையைத் தாண்டி ஒரு பழைய சாமான் கடை. கடைக்காரர் குமார் அண்ணன் ஒரு ஆக்சிலைக் காட்டினார்.

"உன் வண்டிக்குன்னே பொறந்தது சார் இது."

"எண்ணிப் பாத்துட்டு சொல்றேன்," என்றார் அப்பா.

சக்கரம் மாட்டும் டிரம் இரண்டில் ஒன்றுக்குச் செங்கல் முட்டுக் கொடுத்து, குமார் அண்ணன் ஷாஃப்ட் மாட்டும் முனையைக் கையால் திருப்பினார். ஐந்து, அதற்கு மேல் கொஞ்சம். அப்பா முகத்தில் அப்போதுதான் சிரிப்பு வந்தது. ஆனால் நான் செங்கல் பக்கம் நின்றிருந்தேன். செங்கல் வழுக்கி, அந்த டிரம்மும் லேசாக நகர்ந்தது. அது நகர்ந்தால் எண்ணிக்கை கூடுதலாகக் காட்டும்.

"அப்பா, இந்தப் பக்கமும் சுத்துச்சுப்பா."

"வரசொல்லவே டீச்சரையும் கூட்டிகினு வந்துட்டியா சார்?" என்று குமார் அண்ணன் சிரித்தார்.

"சும்மா இரு ஜெசி," என்றார் அப்பா. ஆக்சிலுக்கு நாலாயிரத்து ஐநூறு ரூபாய்.

மதியம் அப்பா வீட்டு வாசலிலேயே ஆக்சிலை ஜீப்பில் பூட்டினார். ஜாக்கி, மரக்கட்டை, வியர்வை. ஒரு போல்ட் வராததற்கு ஸ்பேனர் பறந்து போய்ச் சுவரில் பட்டது. அப்பா கோபக்காரர் என்று இதற்கு மேல் நான் சொல்ல வேண்டியதில்லை.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அவர் கை கழுவப் போனபோது வண்டிக்கு அடியில் புகுந்து, முன் ஷாஃப்ட், பின் ஷாஃப்ட் இரண்டிலும் தரையைப் பார்த்து ஒரு சாக்பீஸ் கோடு போட்டேன். டயரிலும் ஒன்று. சாயங்காலம் அப்பாவும் தம்பியும் வண்டியை நேராக ஓரத்துக்குத் தள்ளினார்கள். சக்கரம் சரியாக ஒரு சுற்றுதான் சுற்றியது. குனிந்து பார்த்தேன். கணக்கு ஒன்றாயிருந்தால் இரண்டு கோடும் ஒரே பக்கம் பார்த்திருக்கும். அவை எதிரெதிராக நின்றன. ஒரே சுற்றில் அரைச் சுற்று வித்தியாசம்.

"அப்பா, கோடு..."

"பூட்டியாச்சில்ல? இன்னும் இன்னாத்துக்குக் கணக்கு? போய்ப் படி."

அம்மா புளிசாதத்துக்குப் புளி ஊறவைத்துக்கொண்டிருந்தார். அவரிடமும் சொல்லவில்லை. பயந்துவிட்டேன்.

ஆக்சில் வாங்கப் போகிறவர்களுக்கு: செங்கல்லை நம்பாதீர்கள். இரண்டு டிரம்மிலும் கோடு போட்டு, நிற்க வேண்டியது நிற்கிறதா என்று ஒருவர் பார்க்க வேண்டும். பூட்டிய பிறகு ஒரு சுற்று தள்ளிப் பாருங்கள். தார் ரோட்டில் ஃபோர் வீல் போடாமல் ஓடும்போது ஒன்றும் தெரியாது. மலையில்தான் தெரியும்.

அப்பா காலை ஐந்து மணிக்குக் கிளம்ப வேண்டும். ஜீப் சாவி என் ஜியாமெட்ரி பாக்ஸில் இருக்கிறது. கண்டிப்பாகத் தேடுவார், கத்துவார். கத்தி முடிக்கட்டும். சாவியைக் கொடுப்பதற்கு முன் சாக்பீஸை அவர் கையில் கொடுத்து, வண்டியை ஒரே ஒரு சுற்று தள்ளச் சொல்வேன்.