அடுப்புக்குத் தண்ணீர் விட்டவன்

தொண்ணூறுகளின் கடைசியில் விழுப்புரத்தில் ஒரு சிமெண்ட் கடையில் எனக்கு விற்பனை வேலை. மொபெட்டில் ஊர் ஊராகப் போய், வீடு கட்டுகிறவர்களிடம் பேச வேண்டும். எனக்குத் தெரிந்த அறிவுரை ஒன்றே ஒன்றுதான். "பூசி முடிச்சிட்டு நல்லா தண்ணி விடுங்க. எவ்ளோ தண்ணி குடிக்குதோ அவ்ளோ கெட்டி." இதைச் சொல்லிச் சொல்லி, சிமெண்டைக் கண்டுபிடித்ததே நான்தான் என்கிற நினைப்பு எனக்கு வந்திருந்தது.

அந்த வருஷம் கிறிஸ்துமஸுக்குக் கொஞ்ச நாள் முன்னால் என் மனைவி கேக் மாவைக் கலக்கி, தெருமுனை பேக்கரிக்கு எடுத்துக்கொண்டு போனாள். வருஷா வருஷம் அங்கேதான் சுட்டுக் கொடுப்பார்கள். இந்த முறை ஆர்டர் அதிகம், முடியாது என்று சொல்லிவிட்டார்கள். பாத்திரத்தோடு திரும்பி வந்தவள் மாவை இட்லிக் குண்டானில் வேகவைத்தாள். எனக்குத்தான் ரோஷம் பொங்கியது.

"பண்டிகை கேக்கு நம்ம வீட்டு அடுப்புலதான். நான் கட்டுறேன்."

"கட்டுறதுன்னா களிமண்ணுல கட்டுங்க. அதுதான் சூடு தாங்கும்."

"சிமெண்ட் விக்கிறவன் வூட்டுல களிமண்ணா? பாக்குறவன் சிரிக்க மாட்டான்?"

கொல்லையில் மணலைக் குவித்து, அதன்மேல் ஜல்லி போட்ட கான்கிரீட்டைத் தடிமனாகப் பூசி, காய்ந்ததும் முன்பக்கம் விட்டிருந்த வாய் வழியாக உள்ளே இருந்த மணலைத் தோண்டி எடுத்தேன். பெரிய பானையைக் கவிழ்த்த மாதிரி ஒரு அடுப்பு. வெளியே காய்ந்திருந்தது. உள்ளே ஈரம் இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

பண்டிகைக்கு முந்தின நாள் சவுக்குக் கட்டையை அடுக்கிப் பற்றவைத்தேன். தீ தணிந்ததும் தணலை ஓரம் தள்ளி, கேக்கை உள்ளே வைத்தோம். சற்று நேரத்தில் அடுப்பின் உட்புறம் 'டப்' என்றது. பிறகு தீபாவளி மாதிரி வரிசையாக வெடித்தது. பக்கத்து வீட்டு நாய் எங்கேயோ ஓடிப்போனது. எல்லாம் ஓய்ந்தபின் கேக்கை வெளியே எடுத்தோம். மேலே விழுந்திருந்த கான்கிரீட் சில்லுகளைப் பொறுக்கினேன். ஆனாலும் எது முந்திரி, எது ஜல்லி என்பதை, திண்டிவனத்திலிருந்து வந்திருந்த என் மாமியார்தான் பல்லால் கண்டுபிடித்தார்.

"நல்லாத்தான் இருக்குது மாப்ள. கொஞ்சம் கெட்டி," என்றார்.

நான் விடவில்லை. பெயர்ந்த இடங்களைப் பூசி, நன்றாகக் காயவிட்டு, பொங்கல் கழிந்து மறுபடி தீ மூட்டினேன். உட்புறம் செக்கச் சிவக்கும்வரை எரித்தேன். வெடிக்கவில்லை. கேக்கும் எழும்பி வந்தது. அடிப்பக்கம் மட்டும் கரி. அதை வெட்டி எறிந்துவிட்டு மீதியைத் தெருவுக்கே கொடுத்தேன், யாரும் கேட்காமலேயே அடுப்பையும் காட்டினேன்.

மறுநாள் காலையில் பார்த்தால் அடுப்பு முழுக்க மீன்வலை போல மெல்லிய விரிசல். எனக்குத் தெரிந்த மருந்து ஒன்றுதானே? காலையும் மாலையும் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினேன். ஈரச் சாக்கு போர்த்தினேன்.

"எரிஞ்ச அடுப்புக்கு இன்னாத்துக்குங்க தண்ணி?" என்றாள் மனைவி.

"கெட்டிப்படும். உனக்குத் தெரியாது."

விரிசல்கள் அகன்றன. ஓரங்களில் வெள்ளையாகப் பூத்தது. நான் இன்னும் ஒரு வாளி கூடுதலாக ஊற்றினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்து வந்து பார்த்தபோது, அடுப்பு தன்பாட்டுக்கு உட்கார்ந்துவிட்டிருந்தது. ஒரு துண்டை எடுத்து நசுக்கினேன். பல்பொடி மாதிரி உதிர்ந்தது. மனைவி கொல்லை வாசற்படியில் நின்று பார்த்தாள். துடைப்பத்தையும் முறத்தையும் கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்தாள். திட்டியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

கொஞ்ச நாள் கழித்துத் திண்டிவனத்தில் கொத்தனார்களுக்கு ஒரு கூட்டம். பேச வந்திருந்த இன்ஜினியரிடம் மெதுவாகக் கேட்டேன். "நம்ம கஸ்டமர் ஒருத்தர் சார், சிமெண்டுல அடுப்பு கட்டி..." என்று எல்லாவற்றையும் அந்தக் கஸ்டமர் தலையில் போட்டுச் சொன்னேன்.

இன்ஜினியர் கூட்டத்தைப் பார்த்தே பதில் சொன்னார். "கெட்டியான சிமெண்டுக்குள்ளயும் தண்ணி கட்டுண்டு இருக்குது. கடுஞ்சூட்டுல அது ஆவியாப் பூடும். அதுக்குள்ள இருக்கிற சுண்ணாம்பும் காளவாய்ல சுட்ட மாதிரி ஆயிடும். அது மேல தண்ணி ஊத்துனா?"

"பூத்து மாவாயிடும்!" என்றார்கள் கொத்தனார்கள்.

"அதேதான். ஊதி, இருக்கிற விரிசலையும் பொளந்துடும். தண்ணி விடாம இருந்தா இன்னும் கொஞ்ச காலம் நின்னிருக்கும். யாரு சார் அந்த கஸ்டமரு?"

"கொஞ்சம் பேஜாரு புடிச்ச ஆளுங்க சார்," என்றேன். கூட்டம் சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்தேன். மற்றவர்களைவிடச் சத்தமாகவே சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

அந்தக் கோடையில் கண்டமங்கலம் பக்கம் ஒருவருடைய வைக்கோல் போர் எரிந்து, ஒட்டியிருந்த மாட்டுக் கொட்டகையின் வாசலுக்கு மேலே போட்டிருந்த கான்கிரீட் லிண்டலும் வெந்துபோனது. மேலே பூசிவிட்டுத் தண்ணீர் விட்டால் போதுமா என்று என்னைக் கேட்டார். புது ஞானம் கையில் இருக்க, நான் சும்மா இருப்பேனா? சூடு பட்ட சிமெண்டைப் பற்றி நீளமாகப் பேசினேன். "தட்டிப் பாத்தாத் தெரிஞ்சிடும்," என்று சுத்தியலை வாங்கி, அதன் கீழேயே நின்று தட்டினேன்.

ஒரு பாளம் பெயர்ந்து என் கால் கட்டைவிரலில் விழுந்தது.

"நீங்க சொன்னது கரெக்ட்டுதாங்க," என்றார் அவர், என்னைக் கைத்தாங்கலாகக் கட்டிலில் உட்காரவைத்துக்கொண்டே. பழைய லிண்டலை முழுக்க இடித்துப் புதுசாகப் போட்டார். சிமெண்டை மட்டும் எங்கள் கடையில் வாங்காமல், பக்கம் என்று புதுச்சேரியிலிருந்து இறக்கிக்கொண்டார்.