கரடிக்குப் போட்ட புள்ளிகள்

கல்யாணமாகி இருபத்திரண்டாம் நாள் என் கணவர் அமெரிக்காவுக்குத் திரும்பிப் போனார். டிபெண்டென்ட் விசாவுக்கான பேப்பர்களை அவர் அனுப்பியதும் நானும் கிளம்புவதாக ஏற்பாடு. அதுவரைக்கும் சித்தூரில் மாமியாரோடு இருந்தேன். மாமனார் காலமாகி வெகுநாளாகிவிட்டது. அவ்வளவு பெரிய வீட்டில் நாங்கள் இரண்டே பேர். எங்கள் தெருவில் எல்லா வீடும் அப்படித்தான். பிள்ளை அமெரிக்கா போன இரண்டாம் வருஷம் மாடி எழும்பும். மூன்றாம் வருஷம் மாடிக்கு கிரானைட் வரும். அதன்மேல் நடக்கத்தான் ஆள் இருக்காது.

கல்யாணத்துக்கு முன்னால் திருப்பதியில் ஒரு தனியார் கல்லூரியில் கம்ப்யூட்டர் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். எப்படியும் போகப்போகிறவளுக்கு வேலை எதற்கு என்று எல்லாரும் சேர்ந்து விடச் சொன்னார்கள். எல்லாரையும்விட என் நைனா சத்தமாகச் சொன்னார். விட்டேன். அப்போது எனக்கு இருந்த அறிவு அவ்வளவுதான்.

மூன்றாம் மாதம், ஊருக்கு வந்த நண்பர் ஒருவர் மூலம் கணவர் ஒரு லேப்டாப்பும் காதில் மாட்டிப் பேசுகிற ஹெட்செட்டும் கொடுத்தனுப்பினார். "நாம சேர்ந்து டைம் ஸ்பெண்ட் பண்ணலாம்" என்றார். வீடியோவில் முகம் பார்த்துப் பேசுவதைச் சொல்கிறார் என்று நினைத்துத் தலை பின்னிக்கொண்டு உட்கார்ந்தேன். அவர் சொன்னது ஒரு வீடியோ கேம்.

அவரும், அவரோடு ஒரே ஃபிளாட்டில் இருந்த மூன்று நண்பர்களும் வெள்ளிக்கிழமைதோறும் விளையாடும் ஆட்டம் அது. அங்கே வெள்ளி இரவு, எனக்குச் சனிக்கிழமை காலை. பாழடைந்த கோட்டைகளுக்குள் கும்பலாகப் போய் பூதங்களை அடிக்க வேண்டும். நாலு பேரும் சாஃப்ட்வேர்காரர்கள். வாரம் பூராவும் இன்னொருவன் எழுதிய புரோகிராமில் தப்பு தேடிவிட்டு, வார இறுதியில் கவசம் மாட்டிக்கொண்டு ராஜாக்கள் ஆகிவிடுவார்கள். என் கணவர் தங்கக் கவசம். ஹெல்மெட்டில் இறக்கை வேறு.

ஆட்டத்தில் சேருகிறவர் முதலில் தனக்கு ஒரு ஆளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அந்த ஆள் ஒவ்வொரு படி ஏறும்போதும் ஒரு புள்ளி கிடைக்கும். அதைப் பலத்தில் போடலாம், மந்திரத்தில் போடலாம், வேறு எதிலும் போடலாம். எதில் போடுகிறோமோ அதுதான் நம் ஆள். இதை அவர்கள் 'பில்ட்' என்பார்கள். இதைப் பற்றி அவர்கள் பேசுகிற தோரணையைக் கேட்டால் அணைக்கட்டு கட்டுகிறார்கள் என்று நினைப்பீர்கள்.

"உனக்கு ஹீலர்தான் கரெக்ட்" என்றார் கணவர். அடிபட்டவர்களின் காயத்தை ஆற்றுகிறவள்.

"அவ என்ன பண்ணுவா?"

"ஒண்ணும் பண்ண வேணாம். பின்னாடி நின்னா போதும். எங்களுக்கு உயிர் குறையும்போது ஒரு பட்டனை அழுத்து."

காலை ஐந்தரையிலிருந்து நான் அந்த வீட்டில் செய்துகொண்டிருந்ததும் அதுதான். மாமியாருக்கு மாத்திரை, மோட்டாருக்கு சுவிட்ச், குக்கருக்கு விசில். இதில் இன்னொரு பட்டனா?

பட்டியலில் கடைசியாக ஓர் உருமாறி இருந்தாள். பார்க்கச் சாதாரணப் பெண். ஒரு விசையை அழுத்தினால் ஓநாயாகவோ கரடியாகவோ மாறுவாள். அவளை எடுத்தேன். ஹெட்செட்டில் நாலு ஆம்பிளைகளும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள்.

அவர்களில் ஒருவரை மற்றவர்கள் லீடர் என்று கூப்பிடுவார்கள். நெல்லூர் பக்கத்துக்காரர். தெலுங்கில் மிக மரியாதையாகப் பேசுவார். "வதினகாரு, உருமாறியை யாரும் எடுக்க மாட்டாங்கண்டி" என்றார் என்னிடம். அண்ணியாரே என்று கூப்பிட்டுவிட்டு முட்டாளே என்று சொல்லும் குரல். "எடுத்தாலும் ஓநாயா எடுங்க, வேகமாவது இருக்கும். கரடி சுத்தம். அதுக்கு ஆயுதம் கிடையாது, நடை மெதுவு. நீங்க போடுற நகை, கவசம் எதுவும் வெளியில தெரியாது."

தெரியாது என்றதும் எனக்குப் பிடித்துப்போயிற்று. கல்யாணத்துக்குப் பிறகு வந்த ஒவ்வொரு விசேஷத்துக்கும் மாமியார் வீட்டு நகை அத்தனையும் மாட்டி என்னை உட்கார வைத்துப் படம் எடுத்திருந்தார்கள். என் புள்ளிகளை எல்லாம் கரடியிலேயே போட்டேன். கழுத்தில்லாத, முதுகு சரிந்த, அழுக்கு நிறக் கரடி. அது இரண்டு காலில் எழுந்து நின்றபோது பாதித் திரையை மறைத்தது.

ஒருநாள் மாமியார் வந்து என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

"இன்னாம்மா பண்ணிக்கினு இருக்க? யாரு அந்தக் கரடி?"

"நான்தான் அத்தை."

"நம்ம புள்ள எங்க?"

"அதோ, தங்கக் கவசம் போட்டுக்கினு கத்தி தூக்கிக்கினு நிக்கிறாரே."

"அவனா? இங்க இருந்தப்ப ஒரு கொடம் தண்ணி தூக்கமாட்டான்" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனார்.

என் கரடி அடிக்கடி செத்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். பாதி என் தப்பு, பாதி கரெண்ட்டின் தப்பு. எங்கள் ஊரில் அப்போது கரெண்ட் நினைத்த நேரத்தில் போகும். லேப்டாப்பில் சார்ஜ் இருக்கும், மோடம் அணைந்துவிடும். பூதத்தின் எதிரில் கரடி பொம்மைபோல நின்று அடிவாங்கும். திரும்பி வந்து ஹெட்செட்டை மாட்டினால் சிரித்துக்கொண்டிருப்பார்கள். "வதினகாரு கரடி தூங்கிருச்சு." என் கணவரும் சிரிப்பார். பிறகு எனக்கு ஒரு எக்ஸெல் ஷீட் அனுப்புவார், எந்தப் படியில் எதில் புள்ளி போடவேண்டும் என்று. திறந்துகூடப் பார்க்கவில்லை. கல்யாணத்துக்குப் பிறகு அவர் எனக்கு எழுதிய மிக நீளமான கடிதம் அதுதான்.

ஒரு சனிக்கிழமை உள்ளே போய் விசையை அழுத்தினேன், கரடி வரவில்லை. மறுபடி அழுத்தினேன். வெள்ளை அங்கியில், கையில் கோலோடு, அந்தப் பெண் நின்றுகொண்டே இருந்தாள்.

"சர்ப்ரைஸ்!" என்றார் கணவர். போட்ட புள்ளிகளைத் திரும்ப எடுத்து வேறிடத்தில் போட ஆட்டத்தில் வசதி உண்டு. என் கணக்கைத் திறந்து கொடுத்தவரே அவர், பாஸ்வேர்ட் அவரிடமும் இருந்தது. நான் இல்லாத நேரத்தில் உள்ளே போய் கரடியை எடுத்துவிட்டு எல்லாவற்றையும் வைத்தியத்தில் போட்டிருந்தார். "ரெண்டு மணி நேரம் உக்காந்து பண்ணேன் தெரியுமா? இப்ப பாரு."

அன்றைக்குப் பின்னால் நின்று பட்டனை அழுத்தினேன். பல வாரமாகத் தோற்றுக்கொண்டிருந்த கோட்டையை அன்று ஜெயித்தார்கள். அதுதான் எனக்கு ஆறவே இல்லை. அவர் சொன்னது சரியாக இருந்தது, அந்தச் சரியை என்னிடம் கேட்காமல் செய்திருந்தார். லீடர் என்னை வாயாரப் புகழ்ந்தார். "இப்பதான் நீங்க ஆட்டத்தைப் புரிஞ்சுக்கிட்டீங்க." நான் தேங்க்ஸ் என்று சொன்னேன். அதை நினைத்தால் இன்றைக்கும் என்மேலேயே எனக்குக் கோபம் வருகிறது.

திங்கட்கிழமை நானே ஒரு புதுக் கணக்கு திறந்தேன். பெயர் கேட்ட இடத்தில் கைக்கு வந்த எழுத்துகளைத் தட்டினேன். மறுபடி உருமாறி, மறுபடி கரடி. மத்தியானம் மாமியார் சீரியல் பார்க்கும் நேரத்தில் சில வாரம் தினமும் தனியாக ஆடினேன். இணையத்தில் பில்ட் பற்றி எழுதிவைத்திருந்த ஆட்களையும் படித்தேன். எம்.ஆர்.ஓ. என்கிற எங்கள் ஊர் தாசில்தார் ஆபீஸில் குமாஸ்தா சர்டிபிகேட்டைத் திருப்பித் தள்ளுகிற அதே தொனி. இது செல்லாது, அது கூடாது, நேரத்தை வீணாக்காதீர்கள். ஒருவன்கூடக் கரடியாக முழுசாக ஆடிப் பார்த்தவன் இல்லை. ஆடிப் பார்த்ததில் எனக்கு ஒன்று தெரிந்தது. கரடியால் சட்டென்று கொல்ல முடியாது. ஆனால் எவ்வளவு அடித்தாலும் விழாமல், பூதத்தின் முகத்துக்கு நேரே நிற்க அதனால் முடியும். அடி எல்லாம் அதன்மேல் விழும், மற்றவர்கள் பின்னாலிருந்து தாக்கலாம்.

அதே சமயம் அவர்கள் கும்பலில் முன்னால் நின்று அடிவாங்கும் ஆள் கல்யாணமாகி வேறு மாநிலத்துக்குப் போய்விட்டார். ஆட்டத்தின் பொதுப் பலகையில் லீடர் ஆங்கிலத்தில் விளம்பரம் போட்டார்: முன்னால் நிற்க ஆள் தேவை.

அந்தச் சனிக்கிழமை மாமியார் உறவுக்காரர்களோடு காணிப்பாக்கம் போனார். என் விசா சீக்கிரம் வரவேண்டும் என்று பிள்ளையாருக்கு வேண்டுதல். அந்த மாதத்தில் அது மூன்றாவது தடவை. நானும் கூடப் போவதாகக் கணவரிடம் சொல்லிவிட்டு வீட்டில் இருந்தேன். புதுக் கணக்கில் போய் விளம்பரத்துக்கு 'ரெடி' என்று பதில் தட்டினேன். சேர்த்துக்கொண்டார்கள். மைக்கை அணைத்துவிட்டேன். அவர்கள் பேசுவது எனக்குக் கேட்கும், நான் பேசினால் அவர்களுக்குக் கேட்காது. யாரோ வெள்ளைக்காரன் என்று நினைத்து அவர்கள் பாட்டுக்குத் தெலுங்கில் பேசினார்கள்.

கோட்டைவாசலில் ஒரு கல்பூதம். நான் போய் அதன் எதிரில் நின்றேன். அது குத்திக்கொண்டே இருந்தது, நான் நின்றுகொண்டே இருந்தேன்.

"இந்தக் கரடியைப் பாருடா, என்னமா நிக்குது!" இது என் கணவர்.

"அருமையான பில்ட்" என்றார் லீடர். கரடி சுத்தம் என்று சொன்ன அதே வாய். பிறகு கேட்டார்: "வதின ராலேதா?"

"வரல. கோயிலுக்குப் போயிருக்கா."

"விசா என்னாச்சு? லாயர் இன்னும் பேப்பர் தரலியா?"

ஐந்து மாதமாக என்னிடம் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். கம்பெனி லாயர் தாமதம் செய்கிறான், தினமும் போன் போடுகிறேன் என்று.

கணவர் சிரித்தார். "பேப்பர் எப்பவோ வந்திருச்சு. டிராயர்ல கிடக்கு. அனுப்பினா பதினஞ்சு நாள்ல வந்து நின்னுருவா. அப்புறம் இந்த ரூம், இந்த வெள்ளிக்கிழமை எல்லாம் கட். இந்த சம்மர் போகட்டுமே."

எல்லாரும் சிரித்தார்கள். அதில் ஒருவருக்காவது சிரிக்க வராமல் போயிருந்தால் அவரை இப்போது நினைவு வைத்திருப்பேன்.

கையைக் கீபோர்டிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். கரடி இன்னும் கொஞ்ச நேரம் நின்று, விழுந்தது. அடுத்த நிமிஷத்தில் தங்கக் கவசமும் விழுந்தது, அப்புறம் மற்றவர்களும். இந்த வெள்ளைக்காரர்களை நம்பவே கூடாது என்று லீடர் திட்டிக்கொண்டிருக்கும்போதே லேப்டாப்பை மூடினேன்.

மத்தியானம் மாமியார் விபூதியும் பிரசாதமும் கொண்டுவந்து என் நெற்றியில் இட வந்தார். "இந்த வாட்டி கட்டாயம் வந்துரும்மா" என்றார். அதற்குமேல் எனக்குத் தாங்கவில்லை. நடந்ததைச் சொன்னேன். கரடி, மைக், டிராயர் எல்லாம். பாதி அவருக்குப் புரிந்திருக்காது. டிராயர் நன்றாகப் புரிந்தது. பிரசாதப் பையை மேஜைமேல் வைத்துவிட்டுப் பிள்ளைக்குப் போன் போடச் சொன்னார். ஸ்பீக்கரில் போட்டேன்.

"இன்னாடா, பேப்பரு டிராயர்ல இருக்குதாமே?"

"யாரும்மா சொன்னது?"

"யாரு சொன்னா உனக்கு இன்னா? இருக்குதா இல்லியா?"

"அம்மா, அது வந்து..."

"நான் வெயில்ல வரிசையில நின்னு கும்புட்டுக்கினு இருக்கேன். நீ அங்க மூடி வச்சிக்கினு கூத்தடிச்சிக்கினு இருக்கியா?"

கணவர் என்னைக் கூப்பிடச் சொன்னார். மன்னிப்புக் கேட்பார் என்று ஒரு விநாடி நினைத்தேன். "நீ எங்கள வேவு பாத்தியா?" என்றார்.

"முன்னால நிக்க ஆள் வேணும்னு போட்டிருந்தீங்க. வந்து நின்னேன்."

பத்தாவது நாள் கூரியர் வந்தது. ஐந்து மாதம் அசையாத லாயர் எப்படி அசைந்தார் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ஆனால் அதற்குள் நான் திருப்பதிக்குப் போய்ப் பழைய கல்லூரியில் கேட்டிருந்தேன். என் இடத்துக்கு வந்தவர் பாதியில் பெங்களூருக்கு ஓடிப்போயிருந்தார். திங்கட்கிழமையே வரச் சொன்னார்கள். தினமும் காலையில் சித்தூர் பஸ் ஸ்டாண்டில் திருப்பதி பஸ் ஏறினேன். முதல் நாள் சாப்பாட்டு டப்பாவை மாமியாரே கட்டிக்கொடுத்தார்.

சென்னையில் இண்டர்வியூ முடிந்து பாஸ்போர்ட்டில் விசாவும் ஒட்டியாயிற்று. கணவர் டிக்கெட் போடட்டுமா என்றார்.

"செமஸ்டர் முடியட்டும்" என்றேன்.

"அதுக்கு இன்னும் மூணு மாசம் இருக்கே! பேப்பர் கேட்டது நீதானே?"

"பாதியில விட்டுட்டு வந்தா பிள்ளைங்க என்ன பண்ணும்?"

அந்த மூன்று மாதமும் அவர் தவறாமல் போன் செய்தார். ஆட்டத்தைப் பற்றி ஒருநாள்கூடப் பேசவில்லை. என்ன சாப்பிட்டாய், பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்ததா என்று கேட்டார். கல்யாணமான புதிதில் கேட்டிருக்க வேண்டிய கேள்விகள். பதில் சொன்னேன், ஒரு வரியில்.

கடைசிப் பரீட்சைத் தாளையும் திருத்திக் கொடுத்துவிட்டுத்தான் விமானம் ஏறினேன். அவர் நண்பர்களை விட்டு வந்து ஒரு சின்ன ஃபிளாட் பிடித்திருந்தார். கதவைத் திறந்து, உள்ளே வா என்று பெருமையாக ஒதுங்கி நின்றார். சுவர் அளவுக்கு டிவி. அதன் எதிரில் ஒரு சோஃபா. சமையலறையில் ஒரு பாத்திரம்கூட இல்லை, கரண்டிகூட இல்லை.

"நீ வந்து உனக்குப் பிடிச்சமாதிரி வாங்கிப்பேன்னு விட்டுட்டேன்" என்றார்.

நிஜமாகவே அதை ஒரு நல்ல காரியம் என்று நினைத்துச் சொல்கிறார் என்று அவர் முகத்தில் தெரிந்தது. ஷூவைக் கழற்றப் போனவரை நிறுத்தி, காரை எடுக்கச் சொன்னேன். கடையில் குக்கர் எந்த அளவு வேண்டும் என்று அவர் ஆலோசனை சொல்ல ஆரம்பித்தார். நான் ஏற்கெனவே ஒன்றை எடுத்துத் தள்ளுவண்டியில் வைத்திருந்தேன்.